கியர்பாக்ஸ் சூடாகிறதா? இறக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த எச்சரிக்கை. கியர்பாக்ஸ் சூடு விளக்கு எரிகிறது என்று ஒரு பட்டறைக்குப் போனேன். கியர்பாக்ஸை இறக்கி, முழுசாகப் பிரித்து, ஓவர்ஹால் என்று பெரிய தொகை வாங்கிவிட்டார்கள். கோளாறு கியர்பாக்ஸுக்குள் இல்லவே இல்லை. ஆயில் கூலருக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு சின்ன வால்வு திறக்காமல் சிக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நீண்ட ஏற்றங்களில்தான் விளக்கு எரியும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் அணைந்துவிடும். கியர் மாறுவதில் இழுப்போ உதறலோ கிடையாது. எஞ்சின் மட்டும் சீறி வண்டி நகராமல் நிற்பதும் கிடையாது. பட்டறையில் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள், பி0218 என்ற கோடு (கோளாறுக் குறியீடு) வந்தது. உடனே தீர்ப்பு: "உள்ளே கிளட்ச் பிளேட் எல்லாம் கருகியிருக்கும், இறக்கித்தான் ஆகணும்."

அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கியர்பாக்ஸ் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஏன் சூடானது என்று அது சொல்லாது. ஆயில் குறைந்திருக்கலாம், கூடியிருக்கலாம் (கூடினாலும் உள்ளே சுழலும் பாகங்கள் அதை நுரையாக அடித்துவிடும்), கூலர் அடைத்திருக்கலாம், ரேடியேட்டர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம், எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (அதன் இரு பக்கத்தையும் வழுக்காமல் சேர்த்துப் பூட்டும் கிளட்ச்) பிடிக்காமல் இருக்கலாம், வெப்பத்தை அளக்கும் சென்சாரே தப்பாகச் சொல்லலாம். இதில் ஒன்றையும் அவர்கள் பார்க்கவில்லை. ஆயில் மட்டத்தைக்கூடப் பார்க்காமல் நேராக வடித்துவிட்டார்கள். வடித்த பிறகு மட்டம் சரியாக இருந்ததா என்று யார் சொல்ல முடியும்?

அப்புறம் ஆயில் பேனில் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இருந்த காந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பூச்சு. "பாருங்க, இரும்புத் தூள்" என்றார்கள். அந்தக் காந்தத்தை வைத்திருப்பதே தேய்மானத் தூளைப் பிடிக்கத்தான். ஓடிய கியர்பாக்ஸில் மென்மையான சாம்பல் பூச்சு இருப்பது இயல்பு. விரலில் உருட்டினால் நெருடும் துண்டுகள், பித்தளைச் செதில்கள், கருகிய வாடையோடு கறுப்புக் கசடு இருந்தால்தான் பயப்பட வேண்டும். இதை வைத்துத்தான் வாடிக்கையாளர்களை மிரட்டுகிறார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஓவர்ஹால் முடிந்து வண்டி வந்தது. அடுத்த நீண்ட ஏற்றத்திலேயே அதே விளக்கு. திரும்பப் போனால், "அப்படின்னா டார்க் கன்வெர்ட்டர்தான்" என்று இன்னொரு பெரிய செலவைச் சொன்னார்கள். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன்.

இவர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை, முதலில் அளந்தார். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் பார்த்தார். கியர்பாக்ஸ் ஆயில், எஞ்சின் கூலன்ட், வெளிக்காற்று மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பம் காட்டின. ஆக, சென்சார் மேல் சந்தேகப்பட இடமில்லை. பிறகு ஓட்டிப் பார்த்தார். சீரான வேகத்தில் லாக்-அப் பிடித்ததும் எஞ்சினின் சுற்று வேகமும், கன்வெர்ட்டரில் கியர்பாக்ஸ் பக்கம் சுழலும் டர்பைனின் சுற்று வேகமும் ஒரே அளவாகவே இருந்தன. டார்க் கன்வெர்ட்டரில் சூடு பிறப்பதே இந்த இரண்டுக்கும் இடையிலான வழுக்கலில்தான். வழுக்கல் இல்லையென்றால் கன்வெர்ட்டர் மேல் பழி போட முடியாது. எஞ்சின் வெப்பமும் ஏறவில்லை.

கடைசியாக ஏற்றத்தில் ஓட்டிவிட்டு, கூலர் குழாய்களில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினார். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்று முன்கூட்டியே கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். ஸ்கேனரில் ஆயில் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறது. கூலரோ கை வைத்தால் வெறும் வெதுவெதுப்பு. சூடான ஆயில் கூலருக்கு வந்து சேரவே இல்லை! ஆயில் குளிராக இருக்கும்போது கூலருக்குப் போகாமல் திருப்பிவிட்டு, சூடானதும் வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு ஒன்று எங்கள் காரில் உண்டு. அது மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது.

வால்வை மாற்றினார். தயாரிப்பாளர் சொன்ன வகை ஆயிலையே ஊற்றி, எஞ்சின் ஓட, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்துக்கு வந்தபின் மட்டம் வைத்தார். இப்போது அதே ஏற்றத்தில் 95ஐத் தாண்டுவதில்லை.

எல்லா காரிலும் இந்த வால்வு இருக்காது. சிலவற்றில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே கசிந்தால் ஆயில் பால் கலந்த ரோஸ் நிறமாகும். அப்போது உண்மையிலேயே ஓட்டக் கூடாது, கூலன்ட் கிளட்ச் பிளேட்டுகளைக் கெடுத்துவிடும். உங்களிடம் யாராவது "இறக்கணும்" என்றால் இதைக் கேளுங்கள்: ஆயில் மட்டம் எந்த வெப்பத்தில் பார்த்தீர்கள்? கூலருக்குப் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டிலும் எவ்வளவு சூடு? லாக்-அப்பில் வழுக்கல் எத்தனை? பதிலை எழுதியே வாங்குங்கள். ஸ்டால் டெஸ்ட் என்று சொல்லி, ஏற்கெனவே கொதிக்கும் கியர்பாக்ஸில் பிரேக்கை மிதித்து ஆக்சிலரேட்டரை அழுத்தவும் விடாதீர்கள்; சில நொடிகளிலேயே சூடு எகிறும்.

முதல் பட்டறையில் என் பழைய கிளட்ச் பிளேட்டுகளைக் கேட்டேன். கருகியிருந்தால் காட்டட்டுமே என்றுதான். ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். இறக்கும் முன் எடுத்த அளவுகளைத் தரும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.