பாண்டியில் வாடகை வீடு: எல்லாம் பிடித்தது, அடுப்பைத் தவிர

நாங்கள் பல வருடங்களாகப் புதுச்சேரியில் எடுத்துத் தங்கும் வீட்டுக்கு இப்போது வார நாள் வாடகையைக் குறைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, மே மாதம் பிள்ளைகளோடு போக எடுக்கலாமா என்று என் சித்தி பையன் கேட்டான். சரி, அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அந்த ஊரில் வீடு தேடும் மற்றவர்களுக்கும் உதவும்.

வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழர் தெரு ஒன்றில் இருக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியான வெள்ளை நகரத்தில்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாகப் படத்தில் அழகாக இருக்கும். நேரில் அழகு இன்னும் அதிகம்தான். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் சென்னை, பெங்களூர் வண்டிகள் அத்தனையும் அந்த நாலைந்து தெருக்களில்தான் நிற்க இடம் தேடும். இரவு வெகுநேரம் வரை சத்தம் ஓயாது. குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மேற்குப் பக்கம்தான் சரி. கடற்கரைச் சாலைக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டிகள் கிடையாது. காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, பிள்ளைகள் ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிடலாம். வேறு எந்தக் கடற்கரை ஊரிலும் எனக்கு இந்த நிம்மதி கிடைத்ததில்லை.

'கடற்கரைக்கு ஐந்து நிமிடம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், எந்தக் கடற்கரை என்று கேளுங்கள். கடற்கரைச் சாலையை ஒட்டி இருப்பது பெரும்பாலும் கருங்கல். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச்சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வருவது. அதைச் சுவர் மறித்துக்கொள்ள, ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருக்கும் கரையைக் காக்கத்தான் கல்லைக் கொட்டினார்கள். பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைப் பாறை அமைத்ததில் அந்த இடத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. பிள்ளைகள் கால் நனைக்க வேண்டுமென்றால் வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் தெற்கே வீராம்பட்டினம் அல்லது சுண்ணாம்பாறு. சுண்ணாம்பாற்றில் படகேறித்தான் மணலுக்குப் போக முடியும், அதையும் ஒரு பாதி நாள் வேலையாகக் கணக்கில் வையுங்கள். எங்கேயும் கழுத்தளவுக்கு இறங்க வேண்டாம், அலை இழுக்கும்.

இனி வீடு. தெருவில் திண்ணை, அதற்கு மேல் மரத்தூண் வைத்த தாழ்வாரம், உள்ளே முற்றம். மேலே தேக்கு உத்தரம். அக்னி நட்சத்திரத்தில் வெளியே தார் உருகும்போதுகூட முற்றத்தைச் சுற்றியுள்ள நடையில் பாய் போட்டுப் படுத்தால் ஏசி தேவையில்லை. மேலே திறந்திருக்கும் சதுரத்தின் வழியாக மூன்று மணிக்கு மேல் கடல்காற்று இறங்குவது உடம்பில் தெரியும். என் மாமியார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நடையை விட்டு எழுந்திருக்க மாட்டார். தண்ணீர் நல்ல தண்ணீர், சோப்பு நுரைக்கும். கழிவறை சுத்தம். பார்த்துக்கொள்ளும் அண்ணன் தங்கமான மனுஷர், ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்றாலும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைப்பார். இதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சமையலறை!

ஓட்டலை விட்டு வீடு எடுப்பது எதற்கு? எங்களுக்குச் சமைப்பதற்காகத்தான். காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்க வேண்டும். விற்கும் அக்காக்களே செதிலெடுத்து, நறுக்கி, 'குழம்புக்கா வறுவலுக்கா' என்று கேட்டுத் துண்டு போட்டுத் தருவார்கள். வீட்டுக்கு வந்து புளி கரைத்து, மாங்காய் போட்டு ஒரு குழம்பு வைத்து, மதியம் முற்றத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஊர் சுற்றுவதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

ஆரம்பத்தில் அங்கே இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு இருந்தது. வேறு எதைப் பற்றியும் எனக்குக் கவலை இருந்ததில்லை. நடுவில் ஒரு வருடம் போனபோது அதை எடுத்துவிட்டு ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பை வைத்திருந்தார்கள். நான் எப்போதும் வீட்டிலிருந்து பழக்கின மண்சட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போவேன். இண்டக்‌ஷனில் மண்சட்டி சூடாகாது. அலுமினியமும் ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டும்தான் ஆகும். அவர்கள் கொடுத்திருந்தவற்றில் அப்படி ஒட்டியது இரண்டே இரண்டு: ஒரு பால் பாத்திரம், ஒரு தட்டையான நான்ஸ்டிக் தவா. வேறு எதை வைத்தாலும் அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோகும். அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த அலுமினியப் பாத்திரங்கள் கேஸ் காலத்து மிச்சம், ஒன்றும் உதவவில்லை.

ஒரு கிலோ சங்கராவை அந்தப் பால் பாத்திரத்தில் மூன்று ஈடாகக் குழம்பு வைத்தோம். முதல் ஈடு இறங்கும்போது கடைசி ஈட்டு மீனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்கள். சோறு எங்கே வடிப்பது? சோற்றை வெளியே வாங்கினோம். இதில் ஏசியும் ஹீட்டரும் ஓடும்போது அடுப்பைக் கூட்டி வைத்தால் மெயின் ட்ரிப் ஆகும். நான் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் பலகைக்கும் அடுப்புக்கும் நடையாக நடந்தேன். கத்தி மாங்காயில் இறங்கவில்லை. அரிவாள்மனை கேட்டேன், இல்லை.

வீட்டுக்காரர் பெரியவர், மரியாதையானவர். அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். "நீங்க சமைக்கிற ஆளுன்னு எனக்குத் தெரியும்மா. வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேர் பாலைக் காய்ச்சிக் காபி போடறதோட சரி" என்றார். யாரோ கேஸை மூடாமலே கிளம்பிப் போயிருக்கிறார்கள், நாள் முழுக்கக் கசிந்திருக்கிறது. முழுக்க மரம் வைத்துக் கட்டின வீடு, அவர் பயம் நியாயமானது. தவிர, வீட்டு உபயோகச் சிலிண்டரை வாடகைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும், அது விலை கூட. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படியென்றால் விளம்பரத்தில் 'முழு வசதியுள்ள சமையலறை' என்று ஏன் இன்னும் இருக்கிறது? காபி போட இடம் உண்டு என்று எழுதட்டுமே. இல்லையென்றால் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற நாலு பாத்திரம் வாங்கி வைக்கட்டும். இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் "அடுத்த தடவை இருக்கும்மா" என்கிறார்கள். கடைசியாகப் போனபோதும் அதே பால் பாத்திரம்தான், கைப்பிடி வேறு ஆடிக்கொண்டிருந்தது.

மே மாதம் போகிறவர்களுக்கு மீனைப் பற்றி இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறை முழுக்க அதற்குள் வந்துவிடும். வஞ்சிரம் விலை ஏறியிருக்கும், ஐஸில் வெளியூரிலிருந்து வந்ததாகவும் இருக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால், கரையோரத்தில் பிடித்த சின்ன மீன்களைப் பார்த்து வாங்கலாம். நெத்திலி கிடைத்தால் விடாதீர்கள். நெத்திலிக் குழம்புக்கு மண்சட்டியை விட்டால் வேறு பாத்திரம் கிடையாது என்பது என் கட்சி, அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் மழையைக் கணக்கில் வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது ஊரில் பல இடங்கள் தண்ணீரில் நின்றன. தரைத்தள வீடு எடுத்தால், தெருவில் தண்ணீர் தேங்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எதிரே இருக்கும் கடையில் கேளுங்கள். ஆரோவில்லில் மாத்ரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பதற்கு அது தேவையில்லை. ஞாயிறு என்றால் மகாத்மா காந்தி சாலைச் சந்தையை விடாதீர்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம், ஆனாலும் என் முடிவு இதுதான்: அந்த வீட்டை எடுக்காதீர்கள். காற்று, முற்றம், அந்த அண்ணன், குறைந்த வாடகை எல்லாம் இருந்தும் வேண்டாம். வெளியில் சாப்பிடுகிற குடும்பத்துக்குக்கூட நான் அந்த வீட்டைச் சொல்லப் போவதில்லை, அவ்வளவு கசந்துவிட்டது. வேறு வீடு பார்க்கும்போது, 'சமையலறை உண்டா' என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அடுப்பைப் பற்றவைத்து, அதன் மேல் அவர்கள் தரும் பெரிய பாத்திரத்தை வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

நானும் இந்த முறை முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு முன்பணம் போட்டிருக்கிறேன். முற்றம் கிடையாது, கடலுக்கும் நடை அதிகம். மூன்று பர்னர் அடுப்பு இருக்கிறது, படம் வாங்கிப் பார்த்துவிட்டேன். பழைய வீட்டுப் பெரியவருக்கும் தகவல் சொல்லிவிட்டேன்: கேஸ் அடுப்பு திரும்பி வந்தால் ஒரு போன் போடுங்கள், அந்த வாரமே வருகிறோம்.