ஆய்வு மானியக் கணக்குகளுக்கு வந்திருக்கும் இணையச் சேவை

கோலாலம்பூரில் நான் பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிர்வாகப் பிரிவு, மானியச் செலவுகளுக்கான படிவங்களை இணையத்துக்கு மாற்றியிருக்கிறது. உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். என்னும் அடிப்படை ஆய்வு மானியம் பெற்று ஆய்வு செய்வோருக்கு இது பெரிய ஆறுதல். பயணச் செலவுக்குரிய 21000 என்ற எண்ணுள்ள வோட்டில் (செலவுத் தலைப்பில்) மீந்த தொகையை ஆய்வுப் பொருள்களுக்குரிய 27000 வோட்டுக்கு மாற்ற வேண்டுமானால், முன்பெல்லாம் துறைத்தலைவர், புலத்தலைவர், நிதிப்பிரிவு என்று கையொப்பத்துக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இப்போது விண்ணப்பம் யாருடைய ஒப்புதலுக்காக நிற்கிறது என்பதைத் திரையிலேயே காண முடிகிறது. தேங்குவது தேங்கத்தான் செய்கிறது. ஆனால், யாரிடம் கேட்பது என்பதாவது தெரிகிறது.

குறைகளில் முதன்மையானது ஆய்வு உதவியாளர் நியமனம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மாணவரின் அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் மறுபடியும் பதிவேற்றச் சொல்கிறார்கள்; அது முடியும்வரை அவருடைய ஊதியம் நின்றுவிடுகிறது, அறை வாடகை நிற்பதில்லை. அமைச்சின் மைகிராண்ட்ஸ் தளத்தில் அளித்த முன்னேற்ற அறிக்கையையே இங்கும் தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது வீண்வேலை. முகப்பு ஊழியர்கள் பொறுமையானவர்கள். ஐயம் இருந்தால் தொலைபேசியில் அழைப்பதைவிட நேரில் செல்வதே நல்லது. காகித ரசீதுகளை மட்டும் எறிந்துவிட வேண்டாம், தணிக்கைக்கு இன்னும் மூலப்படியைத்தான் கேட்கிறார்கள்.