பழைய கணினி விளையாட்டுகளும் ரசிகர்களின் மோட்களும்: ஸ்டீம் டெக்கா, விண்டோஸ் கைக்கணினியா?

விண்டோஸில் இயங்கும், விளையாட்டுக்கான கைக்கணினி ஒன்றை எட்டு மாதங்களும், அதன்பின் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கைக்கணினியான ஸ்டீம் டெக் ஓஎல்இடியை ஓராண்டுக்கும் மேலாகவும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இரண்டிலும் நான் விளையாடியவை பெரும்பாலும் 1993க்கும் 2010க்கும் இடையில் வந்த கணினி விளையாட்டுகள். அவற்றையும் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய மோட்களோடு, அதாவது விளையாட்டை மாற்றும் அல்லது விரிவாக்கும் கோப்புகளோடு, சேர்த்தே விளையாடினேன். புதிதாக வெளிவரும் விளையாட்டுகளுக்காகக் கைக்கணினி தேடுபவருக்கு இந்த ஒப்பீடு அதிகம் பயன்படாது. பழைய விளையாட்டை மோட்களோடு அமைத்து, அந்த அமைப்பு ஆண்டுகள் கடந்தும் குலையாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்காகவே எழுதுகிறேன். என் சாய்வு ஸ்டீம் டெக்கின் பக்கம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வந்தது. அதன் ஓஎல்இடி வடிவம் 2023 நவம்பரில் வந்தது. செயலி அளவில் அது பின்தங்கியதுதான்: நான்கு ஜென் 2 கோர்கள் (செயலியின் கணிப்பு அலகுகள்; ஜென் 4 இதைவிடப் புதிய தலைமுறை), அதிகபட்சம் 3.5 கிகாஹெர்ட்ஸ். 2023இல் வெளியான ஆர்ஓஜி அலை, லீஜியன் கோ ஆகிய விண்டோஸ் கைக்கணினிகளில் இருக்கும் இசட்1 எக்ஸ்ட்ரீம் செயலியில் எட்டு ஜென் 4 கோர்கள் உள்ளன, வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். புதிய விளையாட்டுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் என்பதில் ஐயமில்லை.

பழைய விளையாட்டுகளில் இந்தக் கூடுதல் வலிமையின் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கிறது. ஃபால்அவுட்: நியூ வேகஸ் போன்ற 2010ஆம் ஆண்டு விளையாட்டு 32-பிட் நிரலாகும். அது இயல்பாக 2 ஜிபி நினைவகத்தை மட்டுமே தொடும். 4ஜிபி பேட்ச் போட்டால் அந்த வரம்பு 4 ஜிபி ஆகிறது. அதற்கு மேல் 16 ஜிபி இருந்தாலும் 24 ஜிபி இருந்தாலும் விளையாட்டுக்கு ஒன்றுதான். ஆனாலும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே கோரின் வேகத்தை நம்பி இயங்குவதால், மனிதர்களும் உயிரினங்களும் அடர்ந்த இடங்களில் ஜென் 4 செயலிக்கு ஒரு முன்னிலை இருக்கவே செய்கிறது. கனமான காட்சி மோட்களை நூற்றுக்கணக்கில் அடுக்கிய ஸ்கைரிம் ஒன்றுதான் உங்கள் இலக்கு என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே விண்டோஸ் கைக்கணினியை எடுப்பதில் தவறில்லை.

திரையைப் பொறுத்தவரை, குறைவான தெளிவுத்திறனே இங்கே உதவியாக இருக்கிறது. பழைய விளையாட்டுகளின் எழுத்துகளும் பட்டியல்களும் திரைக்கேற்பப் பெரிதாவதில்லை. பல விளையாட்டுகளில் அவற்றின் அளவு பிக்சல் கணக்கில் நிலையானது. ஏழு அங்குலத் திரையில் 1920க்கு 1080 வைத்தால் உரையாடல் வரிகள் எறும்புகளாகிவிடும். 1280க்கு 800 என்ற டெக்கின் திரையில் அவற்றைச் சிரமமின்றி வாசிக்கலாம். மேலும், அக்கால விளையாட்டுகளில் பல 4:3 வடிவத் திரைக்காக எழுதப்பட்டவை. அந்தப் படம் டெக்கின் 16:10 திரையின் அகலத்தில் ஏறத்தாழ 83 விழுக்காட்டை நிரப்புகிறது. 16:9 திரையில் 75 விழுக்காட்டை மட்டுமே. லீஜியன் கோவின் 8.8 அங்குலத் திரையும் 16:10 தான் என்பதால் இந்தக் கணக்கில் அது டெக்குக்குச் சமம்.

மோட்களை முதன்முறையாக நிறுவும் நாளில் விண்டோஸ் எளிது. மோட் உருவாக்குபவர்கள் விண்டோஸை மனத்தில் வைத்தே உருவாக்குகிறார்கள். அவர்களின் வழிகாட்டிகளும் நிறுவும் கருவிகளும் அதற்கே எழுதப்பட்டவை. மோட் ஆர்கனைசர் 2 போன்ற மேலாளரை அங்கே நேரடியாக நிறுவி, வழிகாட்டி சொல்லும் வரிசையில் சொடுக்கிக்கொண்டே போகலாம். ஸ்டீம் டெக்கின் ஸ்டீம்ஓஎஸ் லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. விண்டோஸ் விளையாட்டுகளை அதில் இயக்குவது புரோட்டான் என்னும் இடைப்படலம். அந்தப் படலத்துக்குள் மோட் மேலாளரை நுழைக்கக் கூடுதல் வேலை தேவைப்படுகிறது.

அந்த வேலைகளில் இரண்டை முன்கூட்டியே அறிந்திருந்தால் என் முதல் வாரம் வீணாகியிருக்காது. பல மோட்கள், விண்டோஸின் சொந்த டிஎல்எல் கோப்பு (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக்கோப்பு) ஒன்றின் பெயரைத் தாங்கிய கோப்பை விளையாட்டின் கோப்புறையில் வைத்து, அதன் வழியாகவே உள்ளே நுழைகின்றன. புரோட்டான் இயல்பாகத் தன்னிடமுள்ள கோப்பையே எடுத்துக்கொள்ளும் என்பதால், கோப்புறையில் இருப்பதை முதலில் எடு என்று விளையாட்டின் தொடக்க விருப்பங்களில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லையென்றால் பிழைச்செய்தி எதுவும் வராது. விளையாட்டு இயல்பாக ஓடும், மோட் மட்டும் இருக்காது. மற்றொன்று, லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பது. ஒரு மோட் ஒரே கோப்புறையின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியும், இன்னொரு மோட் சிறிய எழுத்தில் தொடங்கியும் எழுதியிருந்தால், நாம் கையால் பிரித்துப் போடும்போது அவை ஒன்றாகச் சேராமல் இரண்டு தனிக் கோப்புறைகளாக நின்றுவிடக்கூடும்.

இவ்வளவு இருந்தும் நான் டெக்கின் பக்கம் சாய்வதற்குக் காரணம் பராமரிப்பு. மோட் போட்ட விளையாட்டு என்பது ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடும் பொருள் அல்ல. நாற்பது மோட்கள் ஒன்றையொன்று சார்ந்து, குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட பதிப்பில் நின்றால்தான் அது இயங்கும். அதை அமைக்க ஒரு வார இறுதி போகிறது. அறுபது மணி நேரக் கதையைக் கைக்கணினியில் துண்டு துண்டாக விளையாடி முடிக்க ஆறு மாதங்கள் ஆகின்றன. அந்த ஆறு மாதங்களில் கீழே இருக்கும் தளம் எத்தனை முறை மாறுகிறது, மாறும்போது எது தப்பிப் பிழைக்கிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தேர்வின் மையக் கேள்வி.

ஸ்டீம்ஓஎஸில் ஒவ்வொரு விண்டோஸ் விளையாட்டுக்கும் தனித்தனியாக ஒரு சிறிய போலி விண்டோஸ் வீடு அமைகிறது. அதற்கென ஒரு சி டிரைவ், அதற்கென ஒரு ரெஜிஸ்ட்ரி (அமைப்புகளின் பதிவேடு), அதற்கென ஓர் ஆவணக் கோப்புறை எல்லாம் அந்த ஒரே கோப்புறைக்குள் அடங்கிவிடுகின்றன. ஸ்டீம் கடை அந்த விளையாட்டுக்குக் கொடுத்திருக்கும் எண்ணே அந்தக் கோப்புறையின் பெயர். நியூ வேகஸுக்காக நான் திருத்திய எந்த அமைப்பும் தீஃப் 2 விளையாட்டைத் தொடாது. விளையாட்டின் கோப்புறையையும் இந்த எண் கொண்ட கோப்புறையையும் சேர்த்து வெளி வட்டில் நகலெடுத்துவிட்டால், மோட்கள், அமைப்புக் கோப்புகள், சேமிப்புகள் அனைத்தும் கையில் இருக்கும். உள்வட்டை முழுமையாக மாற்றிய பிறகு இவ்வாறு நகலெடுத்து வைத்திருந்த ஒரு விளையாட்டை மீண்டும் அதே இடத்தில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய விளையாட்டுகளுக்கு இந்த எண் தானாகவே உருவாக்கப்படுவதால் கண்டுபிடிப்பது கடினம். எந்த எண் எந்த விளையாட்டுக்கு உரியது என்று ஒரு குறிப்புக் கோப்பு எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

இதைவிடவும் முக்கியமானது, எந்தப் புரோட்டான் பதிப்பில் ஒரு விளையாட்டு ஓட வேண்டும் என்பதைத் தனித்தனியாக நிலைநிறுத்த முடிவது. ஒரு பதிப்பில் மோட்கள் ஒழுங்காக ஓடினால் அதையே அந்த விளையாட்டுக்குத் தேர்ந்தெடுத்து விட்டுவிடலாம். அதன்பின் புதிய பதிப்புகள் வந்தாலும் அந்த விளையாட்டு பழையதிலேயே நிற்கும். ஸ்டீம்ஓஎஸின் புதுப்பிப்பும் இதற்கு இசைவாகவே அமைந்திருக்கிறது. இயங்குதளம் இரண்டு பிரிவுகளாக இருக்கிறது. புதிய பதிப்பு பயன்பாட்டில் இல்லாத பிரிவில் முழுமையாக எழுதப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் அது முன்னுக்கு வருகிறது. நம் கோப்புகள் இருக்கும் பகுதியை அது தொடுவதில்லை. இந்த வடிவமைப்பில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. எழுதத் தடைசெய்யப்பட்ட அமைப்புப் பகுதியைத் திறந்து தொடக்க நாட்களில் நான் நிறுவிய சில கருவிகள், அடுத்த புதுப்பிப்பில் சுவடின்றி மறைந்தன. தவறு என்னுடையதுதான். அதே கருவிகளை ஃபிளாட்பேக் (நம் கோப்புகளின் பகுதியிலேயே தங்கும் செயலித் தொகுப்பு) வடிவில் நிறுவிய பிறகு இன்றுவரை எதையும் இழக்கவில்லை.

விண்டோஸில் இந்தப் பிரிப்பு இல்லை. எல்லா விளையாட்டுகளும் ஒரே ரெஜிஸ்ட்ரியையும், ஒரே ஆவணக் கோப்புறையையும், ஒரே கிராபிக்ஸ் டிரைவரையும் பகிர்ந்துகொள்கின்றன. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் நிறுவிய பழைய விளையாட்டு அங்கே எழுத முயன்றால், அந்தக் கோப்பு கண்ணுக்குப் புலப்படாத வேறோர் இடத்துக்குத் திருப்பி விடப்படலாம். மோட் வழிகாட்டிகள் முதல் வரியிலேயே வேறிடத்தில் நிறுவச் சொல்வது இதனால்தான். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஆவணக் கோப்புறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், சேமிப்புகளும் அமைப்புக் கோப்புகளும் அதனோடு இடம் மாறுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. நானும் எட்டு மாதங்கள் அவற்றைச் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் வேலை முடிந்து அரை மணி நேரம் விளையாடலாம் என்று எடுக்கும் ஒரு கருவியில், அந்த அரை மணி நேரமும் சரிபார்ப்பிலேயே கழிவது சலிப்பைத் தருகிறது.

விளையாட்டே புதுப்பிக்கப்படும் ஆபத்து இரண்டு பக்கமும் சமம். 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் இனி மாறாது என்று பலரும் நினைத்திருந்தபோது, 2023 நவம்பரில் அதன் 25ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு வந்தது. சில மோட்களுக்கு அது ஒத்துவரவில்லை. நல்லவேளையாக, பழைய பதிப்பைத் தனிக் கிளையாகத் தேர்ந்தெடுக்கும் வழியையும் கொடுத்தார்கள். ஃபால்அவுட் 4 விளையாட்டுக்கு 2024 ஏப்ரலில் வந்த புதுப்பிப்பால், ஃபால்அவுட்: லண்டன் என்ற மாபெரும் ரசிகர் மோட் ஜூலைக்குத் தள்ளிப்போனது. கட்டாயப் புதுப்பிப்பு இல்லாத, ஜிஓஜி என்ற இணையக் கடையின் பிரதியை வாங்குவதே எந்தக் கைக்கணினியிலும் பாதுகாப்பான வழி. ஹாஃப்-லைஃப் மோட்கள் பற்றி டெக் உரிமையாளர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டுக்கு லினக்ஸ் பதிப்பு இருப்பதால் டெக் அதையே நிறுவக்கூடும். ஆனால் பல மோட்களில் விண்டோஸுக்கான டிஎல்எல் கோப்புகள் மட்டுமே உள்ளன. புரோட்டானைக் கட்டாயப்படுத்தினால்தான் அவை திறக்கும்.

மவுஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய கணினி விளையாட்டுகள் மவுஸையும் விசைப்பலகையையும் நம்பிப் பிறந்தவை. டியூஸ் எக்ஸின் பொருள்பெட்டியில் ஒன்றை இழுத்து இன்னோர் இடத்தில் வைக்க அனலாக் குச்சியைப் பயன்படுத்துவது பெரும் பொறுமையைக் கேட்கும். டெக்கின் இரண்டு டிராக்பேட்கள் (விரலால் தடவி மவுஸ் போல நகர்த்தும் பரப்புகள்) இந்த இடத்தில் ஈடற்றவை. வலப்பக்கத்தில் மவுஸ், இடப்பக்கத்தில் விசைகளின் வட்டப் பட்டியல், பின்புறத்தில் நான்கு பொத்தான்கள் என அமைத்தால், பத்து ஆயுதங்களையும் எட்டுத் திறன்களையும் கையெட்டும் தூரத்தில் வைக்கலாம். ஆர்ஓஜி அலையில் டிராக்பேட் இல்லை. லீஜியன் கோ கருவியில் வலப்பக்கம் சிறியதாக ஒன்று இருக்கிறது. லீஜியன் கோவின் வலக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றி மேசையில் மவுஸாகவே நிறுத்தலாம் என்பது அழகான யோசனை. நண்பரிடமிருந்து வாங்கி இரண்டு மாலைகள் மட்டுமே அதை முயன்றதால் உறுதியான தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமையில்லை.

எந்தக் கருவியை எடுத்தாலும் வேறுபாடு தெரியாத விளையாட்டுகளும் உண்டு. டூம் விளையாட்டின் மூல நிரல் 1997இலேயே வெளியிடப்பட்டதால், ஜீஇசட்டூம் போன்ற புதிய இயந்திரங்கள் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல்கள்) எல்லாத் தளங்களிலும் இயல்பாக ஓடுகின்றன. மோட் என்பது பெரும்பாலும் ஒரே கோப்பு. 2002இல் வந்த மாரோவிண்டுக்கு ஓபன்எம்டபிள்யூ இருக்கிறது. ரசிகர்கள் புதிதாக எழுதிய அந்த இயந்திரத்துக்குப் புரோட்டானே வேண்டாம். ஒவ்வொரு மோடையும் தனிக் கோப்புறையில் வைத்து, அமைப்புக் கோப்பில் ஓரிரு வரிகள் சேர்த்தால் போதும். அந்த வரிகளை எடுத்துவிட்டால் மோடும் போய்விடும், மூல விளையாட்டில் கீறல்கூட விழாது. கைக்கணினியில் மோட்களைப் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

என் பட்டியல்கள் எதுவும் அறுபது மோட்களைத் தாண்டியதில்லை. முந்நூறு, நானூறு என்று அடுக்குபவர்களுக்கு டெக்கில் மோட் மேலாளரை இயக்கும் வேலை நான் சொன்னதைவிடக் கடினமாக இருக்கலாம். அவர்கள் மேசைக் கணினியில் பட்டியலை அமைத்து முடித்து, முழுக் கோப்புறையையும் டெக்குக்கு நகலெடுப்பது நல்லது. சிறிய பட்டியல்களுக்கே நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆர்ஓஜி அலை போன்ற கருவியில் விண்டோஸை நீக்கிவிட்டு ஸ்டீம்ஓஎஸையோ, அதைப் போன்ற லினக்ஸ் தளமான பஸைட்டையோ ஏற்றுவது மூன்றாவது பாதை. வேகமான செயலியும் பிரித்துவைக்கும் இந்த அமைப்பும் ஒன்றாகக் கிடைக்கும் என்பதால் அதில் எனக்கு ஆர்வம் உண்டு. லீஜியன் கோ எஸ் 2025இல் ஸ்டீம்ஓஎஸுடனேயே விற்பனைக்கு வந்ததால் அந்தப் பாதை இப்போது அகலமாகியிருக்கிறது. ஆனாலும் டிராக்பேட் இழப்பை அது ஈடுசெய்வதில்லை. நியூ வேகஸ் போன்ற ஒரு நீண்ட விளையாட்டை மோட்களோடு அதில் ஒருமுறையாவது தொடக்கம் முதல் முடிவு வரை விளையாடாமல், அதை டெக்குக்கு இணையாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.