அப்பாவின் ஹெரால்டும் வடசென்னைப் பட்டறைகளும்

பொங்கல் விடுமுறையில் தென்காசிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலுக்கு அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரிலேயே குடும்பத்தோடு போவது என்று நாங்கள் முடிவு செய்தபோது, அவர் 1969-இல் வாங்கிய அந்த வண்டி பழைய வண்ணாரப்பேட்டை வீட்டின் கார் ஷெட்டில் பதினேழு ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்தது. நான் இங்கிலாந்தில் வசிப்பதால் வண்டியைச் சரிசெய்யும் வேலையை இரண்டு விடுமுறைகளாகப் பிரித்துக்கொண்டேன். முதல் பயணத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டேன். இரண்டாவது பயணத்தில் எடுத்து ஓட்டினேன்.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு அருகில் இருந்த பட்டறை ஒன்று மூன்றே வாரத்தில் டிங்கர் வேலையையும் பெயின்ட்டையும் முடித்து, 62,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கண்ணாடி போல் மின்னும் வண்டியைத் திருப்பித் தந்தது. எஞ்சினைப் பார்ப்பதற்காக வியாசர்பாடியிலிருந்து வந்த மெக்கானிக், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து, கதவின் மேலிருந்து கீழாக மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். அடி விளிம்புக்கு நான்கு விரல் மேலே வந்ததும் காந்தம் பிடி விட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிஸ்கட் அளவுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) பெயர்ந்து விழ, அதன் பின்னால் கசக்கித் திணித்திருந்த செய்தித்தாள் எட்டிப் பார்த்தது. காசிமேட்டுக் கடற்காற்று பல ஆண்டுகளாகத் தின்ற தகரத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே பூசிவிட்டார்கள். கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

ஹெரால்டில் ஒரு நல்ல விஷயம், அதற்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) உண்டு. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி பகுதி பகுதியாக வந்துவிடும். மெக்கானிக் அப்படியே கழற்றி, சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளில் துருப்பிடித்த பகுதிகளை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்.

இந்தக் காரைச் சென்னையை அடுத்த வண்டலூரில் செய்தார்கள் என்றாலும் மூல வடிவம் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உருவான ட்ரையம்ப் ஹெரால்டு. நான் வசிக்கும் பர்மிங்காமிலிருந்து அந்த ஊர் அரை மணி நேரப் பயணம்தான். அறுபது ஆண்டுப் பழைய மாடலுக்கு அங்கே இன்றும் உதிரிபாகங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. நான்கு கதவு பாடி இந்தியாவில் மட்டுமே வந்தது என்பதால் கதவு ரப்பர் எதுவும் அங்கிருந்து பொருந்தாது. ஆனால் பிரேக் வீல் சிலிண்டர் ரப்பர்கள், முன்சக்கரத்தின் அடியில் இருக்கும் ட்ரனியன் எனும் பித்தளை முட்டு ஆகியவற்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த முட்டைக் கையில் வாங்கியதும் மெக்கானிக் சொன்னார்: “தம்பி, இதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் ஊத்தணும். கிரீஸ் அடிச்சு அடிச்சே பாதிப் பேர் சக்கரத்தை மடக்கிட்டாங்க.” கிரீஸ் மரைக்குள் முழுவதும் இறங்காது, உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கும். இங்கிலாந்து ஹெரால்டுக்காரர்கள் சொல்லும் அதே எச்சரிக்கையை வியாசர்பாடியில் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது.

எஞ்சினில் இரண்டு விஷயங்கள் கட்டாயம். வால்வு அமரும் சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றுவிட்டதால், நெடுந்தூரம் ஓட்டுவதற்காக எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வளையங்களை லேத்தில் கடைந்து போட்டோம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் பம்பின் டயஃப்ரமையும் மாற்றினோம்.

ஆவண வேலையில் ஒரு பொறி இருக்கிறது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய காரை 20,000 ரூபாய் கட்டிப் பாரம்பரிய வாகனமாகப் பதிந்தால் பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடப் பயன்பாட்டுக்குக் கூடாது. குடும்பத்தோடு ஊருக்குப் போக நினைப்பவர்கள் தரகரின் பேச்சில் மயங்கி அந்தப் பதிவுக்குப் போய்விடாமல், வழக்கமான பதிவுப் புதுப்பித்தலையே கேட்க வேண்டும். எங்களுக்கு வாரிசுச் சான்றிதழ் வைத்து அம்மா பெயருக்கு மாற்றும் வேலையும் சேர்ந்துகொண்டதால் ஐந்து நடை அலைந்தோம்.

25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் இந்த வண்டிக்கு எங்கள் தெருக்கள் ஒரு பொருட்டே அல்ல, ஜி.எஸ்.டி. சாலை நெரிசல்தான் சோதித்தது. விடியலில் கிளம்பியும் வண்டலூர் அருகே ஊர்ந்தபோது டெம்பரேச்சர் முள் ஏற, ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டோம். “பிறந்த வீட்டைப் பார்த்ததும் கால் நகரலை போல” என்றார் அம்மா. அதன் பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், திருச்சியில் இரவு தங்கி, மறுநாள் மாலை கோயில் வாசலில் நிறுத்தினோம். வழியில் மாற்றியது ஒரு கண்டன்சர் மட்டுமே.

வண்டி இப்போது பேட்டரி கழற்றி ஷெட்டில் நிற்கிறது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்க மெக்கானிக் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலி பேசவில்லை, கோவென்ட்ரிப் பக்கம் போனால் வாட்டர் பம்ப் கேஸ்கெட் இரண்டு வாங்கி வரும்படி சீட்டில் எழுதிக் கொடுத்தார்.