தூத்துக்குடி மக்ரூன்: பெயரும் பதமும்

மக்ரூன் என்ற முந்திரி இனிப்பைப் பற்றிப் பேசினால், அது போர்ச்சுகீசியர் வழியாகத் தூத்துக்குடிக்கு வந்தது என்ற கதையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பிரேசிலிலிருந்து முந்திரியைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை தூத்துக்குடியும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் பெயரின் வாலைப் பார்த்தால் ஆங்கிலேயர் தெரிகிறார்கள். பிரெஞ்சு 'மக்கரோன்' ஆங்கிலத்துக்குப் போய் 'ஊன்' என்று நீண்டது. பலூனும் சலூனும் வந்த வழி அதுவே. பிரெஞ்சுக்கு அது இத்தாலியிலிருந்து வந்தது. நாம் வேகவைத்துத் தின்னும் மக்ரோனிக்கும் வேர் அங்கேதான்.

ஐரோப்பாவில் பாதாம், இங்கே முந்திரி. மற்றபடி முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும்தான்; மைதா, வெண்ணெய் கிடையாது. ஸ்வீட் பாக்ஸில் வருவதால் சைவம் என்று நம்பி வாங்குபவர்கள் கவனிக்க. ஆன்லைனில் தேடினால் நடுவில் கிரீம் வைத்த கலர் கலர் பிரெஞ்சு வில்லைகளும், தேங்காய்த் துருவல் உருண்டைகளும் சேர்ந்தே வரும். பங்காளிகள்தான், பதம் வேறு.

நல்ல மக்ரூன் வெள்ளையாக, அல்லது லேசான தந்த நிறத்தில், கூம்பாக இருக்கும். கடித்தால் மேல் ஓடு பொருபொருவென்று உடைந்து நாக்கில் கரைய வேண்டும். நடுவில் முந்திரி நொய் பல்லில் சிக்க வேண்டும். பழுப்பேறி வெடித்திருந்தால் அடுப்புச் சூடு கூடிவிட்டது. அடியில் பாகு கசிந்து காகிதத்தோடு ஒட்டினால் சர்க்கரை கரையவில்லை. வெறும் இனிப்பாக, நொய்யே தட்டுப்படாமல் இருந்தால் முந்திரியில் கை வைத்துவிட்டார்கள். அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: 4 முட்டையின் வெள்ளைக்கரு (சுமார் 120 கிராம்), பொடித்த சர்க்கரை 240 கிராம், முந்திரி 200 கிராம். மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. நுரை கட்டத் தொடங்கிய பிறகு சர்க்கரையைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம்வரை அடிக்கவும். சொதப்புவது பெரும்பாலும் முந்திரியில்தான். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொள்ளும். அந்த எண்ணெய் நுரையை அமுக்கிவிடும். விட்டுவிட்டு ஓட்டி, ரவைப் பதத்தில் நிறுத்தி, கையால் மெதுவாகக் கலக்கவும். காகிதக் கூம்பில் பிழிந்து, 100 டிகிரி செல்சியஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்பதே சரி. பழைய பேக்கரிகளில் விறகு அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க விடுவது அதனால்தான்.

எடை குறைவு, இடம் அதிகம்: கால் கிலோவே பெரிய பொட்டலமாகத் தெரியும். பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் ஊர் சேர்வதற்குள் பாதி தூளாகிவிடும், கெட்டி டப்பா கேட்டு வாங்குங்கள். காற்றில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும் என்பதால் ஃப்ரிட்ஜ் வேண்டாம், இறுக்கமான டப்பா போதும். நமத்துப் போனவற்றை அதே 100 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் பொருபொருப்பு ஓரளவு திரும்பும்.