துடிப்பைக் குறைக்க மூன்று மாத்திரைகள்: எது எங்கே கை வைக்கிறது?

மெட்டோபுரோலால், டிஜாக்சின், ஐவாபிரடின் மூன்றுமே நாடித்துடிப்பைக் குறைப்பவை. ஆனால் இதயம் எவ்வளவு விசையோடு சுருங்குகிறது என்று பார்த்தால் மூன்றும் மூன்று திசையில் போகும்.

முதலில் நரம்புகள். நரம்புகளின் பிடி இல்லாவிட்டால் இளைஞரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கையில் அது 70 வாக்கில் நிற்பது, வேகஸ் நரம்பு கடிவாளத்தைப் பிடித்திருப்பதால்தான். ரத்தத்தை விசையோடு தள்ளும் கீழறைகளுக்கு வேகஸின் கிளைகள் குறைவு. அதனால் அது விசையைப் பெரிதாகத் தொடாது. உழைப்பிலும் பதற்றத்திலும் இதயத்தை முடுக்கும் பரிவு நரம்பு விடும் நோரட்ரினலின் வேகம், விசை இரண்டையும் சேர்த்தே ஏற்றும்.

மெட்டோபுரோலால் நோரட்ரினலின் வந்து அமரும் பீட்டா-1 ஏற்பியை அடைக்கிறது. வேகமும் குறையும், விசையும் குறையும். நெஞ்சுவலிக்காரருக்கு அது லாபம்; இதயத்தின் ஆக்சிஜன் செலவு இறங்கும். இதயம் பலவீனமானவருக்கு இதைக் கொடுக்க ஒரு காலத்தில் பயந்தார்கள். இன்று சிறு அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். ஓயாத அட்ரினலின் அடியிலிருந்து தப்பிய தசை சில மாதங்களில் தேறுகிறது. நுரையீரலில் நீர் கோத்துத் திணறும் நாளில் மட்டும் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவரிடமும் கவனம் வேண்டும்.

டிஜாக்சின் பழைய ஆள். இதன் மூலமான டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் எழுதியது 1785-ல். டிஜாக்சின் இதயச் செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பை மறித்து, உள்ளே கால்சியத்தைக் கூட்டி விசையை ஏற்றுகிறது. துடிப்பைத் தணிப்பது வேகஸ் வழியாக. பலவீனமும் அங்கேதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாளம் தப்பி நடுங்கும் கோளாறு) உள்ளவர் நாற்காலியில் இருக்கும்போது நாடி 78, அழகாக இருக்கும். இரண்டு மாடி ஏறி வரட்டும், 130. உழைப்பு வந்ததும் வேகஸ் கடிவாளத்தை விட்டுவிடுகிறதே! மெட்டோபுரோலால் அப்போதும் பிடித்து நிறுத்தும். போதாததற்கு, டிஜாக்சினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. சிறுநீரகம் தளர்ந்தாலோ பொட்டாசியம் இறங்கினாலோ வம்புதான். நம் ஊர் மஞ்சள் அரளியின் நச்சும் இதே இனம். அதில் துடிப்பு படுத்துவிட்டால் வேகஸை மறிக்க அட்ரோபின் ஊசி போடுவார்கள்.

ஐவாபிரடின் துடிப்பு பிறக்கும் சைனஸ் முனையை மட்டும் தொடும். விசையில் கை வைக்காது. சிலருக்குக் கண்ணில் ஒளி மினுங்கும், அவ்வளவுதான் என்று விடவும் முடியாது. துடிப்பு அளவுமீறிக் குறையலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் துடிப்பு அந்த முனையிலிருந்தே வருவதில்லை, அங்கே இது வீண்.

என் வரிசையில் மெட்டோபுரோலால்தான் முதலில். தாங்கும் அளவுவரை ஏற்றியும் துடிப்பு 70-க்குக் கீழே வராத, தாளம் சீரான பலவீன இதயத்துக்கு ஐவாபிரடினைச் சேர்க்கலாம். ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும் ஃபிப்ரிலேஷன்காரருக்கு டிஜாக்சின் இன்னும் கைகொடுக்கும். புதிதாகப் பொருத்திய மாற்று இதயத்தில் கதையே வேறு: வேகஸ் இணைப்பு அறுந்திருப்பதால் டிஜாக்சினின் தணிப்பு அங்கே பெரிதாக எடுபடாது, ஐவாபிரடின் எடுபடும்.