பேருந்தில் சென்று நீராவி ரயில் ஏறும் ஒருநாள் பயணம்: புளூபெல் ரயில்பாதை

லண்டனிலிருந்து குழுவாகப் பேருந்தில் புறப்பட்டு, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள புளூபெல் ரயில்பாதையில் நீராவி ரயில் ஏறி, மாலையில் வீடு திரும்பும் ஒருநாள் பயணத்தை இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு ஏற்பாட்டாளர்கள் வழியாகச் சென்று வந்தேன். பாதையும் அதே பாதை, பெட்டிகளும் அதே பழைய பெட்டிகள். ஆனால் முதல் முறை மனக்குறையோடு திரும்பினேன். இரண்டாம் முறை, மறுபடியும் எப்போது போகலாம் என்று எண்ணிக்கொண்டே திரும்பினேன். நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்த நேரம்தான் இரண்டு பயணங்களையும் வேறுபடுத்தியது.

முதல் ஏற்பாட்டாளர் ஒரே நாளில் ஒரு தோட்டம், ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் என மூன்றையும் அடைத்திருந்தார். ஷெஃபீல்டு பார்க் நிலையத்தின் வாசலில் பேருந்து நின்றபோது ரயில் கிளம்பப் பத்து நிமிடங்களே இருந்தன. ஐம்பது பேர் இறங்கி, பாதிப் பேர் கழிப்பறையைத் தேடி ஓடி, மீதிப் பேர் ஒதுக்கிய பெட்டியைத் தேடி, ஒருவழியாக ஏறி உட்கார்ந்ததும் வண்டி நகர்ந்துவிட்டது. சுமார் நாற்பது நிமிடங்களில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வந்தது. அங்கே காத்திருந்த பேருந்தில் எங்களை ஏற்றிவிட்டார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர், "இவ்வளவு தூரம் வந்தும் எஞ்சினின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை" என்று வருந்தினார். அவர் வருந்தியது முற்றிலும் நியாயம். பத்து மணி நேரப் பயணத்தில் நீராவிக்குக் கிடைத்த பங்கு நாற்பது நிமிடம்தான்.

இரண்டாம் பயணத்தில் ரயிலைத் தவிர வேறெதுவும் நிரலில் இல்லை. காலை பத்தரைக்கு நிலையத்தில் இறங்கினோம். வண்டி ஏறும்வரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் கையில் இருந்தது. போகவர இரு வழியும் ரயிலிலேயே சென்றோம். திரும்பி வந்த பிறகும் எஞ்சின் கொட்டகைக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் பார்த்தவைதாம் இன்றும் நினைவில் நிற்கின்றன. நீராவி எஞ்சின் சாவியைத் திருப்பினால் கிளம்பும் பொருளன்று. விடியுமுன்பே யாரோ ஒருவர் வந்து நெருப்பு மூட்டி, கொதிகலன் மெல்லச் சூடேறும்வரை பல மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனித்தால்தான் முற்பகல் வண்டி நகரும். எண்ணெய்க் குவளையோடு சக்கரங்களுக்கிடையே குனிந்து நிற்பவரும், தண்ணீர்க் குழாயை எஞ்சினின் தொட்டிக்குள் இறக்குபவரும், பயணச்சீட்டைப் பார்ப்பவரும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். என்ன கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்குகிறார்கள். நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து ஃபயர்மேன் நிலக்கரியை எந்த மூலையில் எவ்வளவு போடுகிறார் என்பதை அருகில் நின்று பார்த்த பிறகு, ரயிலில் உட்கார்ந்து கேட்கும் புகைபோக்கியின் ஒவ்வொரு மூச்சுக்கும் பொருள் விளங்கத் தொடங்குகிறது.

பாதையின் வரலாற்றை எங்கள் வழிகாட்டி பேருந்திலேயே சொல்லிவிட்டது மிக நல்ல ஏற்பாடு. 1882ல் திறக்கப்பட்ட இந்தத் தடத்தைப் பிரிட்டிஷ் ரயில்வே 1955ல் மூடியது. அப்பகுதியில் வாழ்ந்த மேட்ஜ் பெஸ்ஸெமர் என்ற பெண்மணி இந்தத் தடத்தை அமைக்க இயற்றிய பழைய சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, நாளுக்கு நான்கு வண்டிகள் ஓட்டியாக வேண்டும் என்ற விதி அதில் இருப்பதைக் கண்டுபிடித்தார். வேறு வழியின்றி 1956 ஆகஸ்டில் வண்டிகள் மீண்டும் ஓடின. ஆனால் சட்டத்தில் பெயர் இல்லாத நிலையங்களில் அவை நிற்கவே இல்லை. பிறகு நாடாளுமன்றத்தின் வழியாக அந்தக் கடமையை நீக்கிக்கொண்டு, 1958 மார்ச்சில் தடத்தை மறுபடி மூடினார்கள். அடுத்த ஆண்டே ஆர்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்து, 1960 ஆகஸ்ட் 7 அன்று தங்கள் முதல் வண்டியை ஓட்டினார்கள். அவர்கள் வாங்கிய முதல் எஞ்சின், 1875ல் கட்டப்பட்ட ஸ்டெப்னி. இதையெல்லாம் கேட்டுவிட்டு இறங்கினால், சாயம் பூசிய பெயர்ப்பலகையைக்கூட மரியாதையோடுதான் பார்க்கத் தோன்றும்.

ரயிலின் வேகம் மணிக்கு 25 மைலைத் தாண்டாது. அந்த வேகத்தில்தான் இந்த நிலப்பரப்பைப் பார்க்க வேண்டும். ஷெஃபீல்டு பார்க்கை விட்டதும் ஃப்ரெஷ்ஃபீல்டு ஏற்றம் வருகிறது. 75 அடிக்கு ஓரடி உயரும் சரிவு அது. சாலையில் அப்படியொரு சரிவைப் பேருந்துப் பயணி உணரவே மாட்டார். எஞ்சினோ அங்கே தன் முழு வலிமையையும் காட்டுகிறது. முன்பக்கப் பெட்டியில் இடம் கிடைத்தவர்களுக்கு அந்த ஓசை நெஞ்சுக்குள் அதிரும். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் சென்றால், பாதைக்குப் பெயர் தந்த நீலப் பூக்கள் இருபுறக் காடுகளிலும் விரிந்து கிடக்கும். அதற்காகவே நாள் குறிக்கலாம். ஹார்ஸ்டெட் கீன்ஸுக்கு அப்பால் 731 கஜ நீளமுள்ள ஷார்ப்தார்ன் சுரங்கத்துக்குள் நுழையுமுன் ஜன்னலை ஏற்றிவிடுங்கள். இல்லையேல் புகை முழுதும் பெட்டிக்குள் வரும். கிங்ஸ்கோட் நிலையத்துக்கு அப்பால் வரும் இம்பர்ஹார்ன், தண்டவாளத்துக்காக நிலத்தை வெட்டி அமைத்த பள்ளம்; வெறும் மண்சரிவு போலத் தோன்றும். அது பல ஆண்டுகள் ஊர்க் குப்பை கொட்டி மூடிக் கிடந்த இடம். அந்தக் குப்பையைத் தோண்டி அகற்றிய பிறகுதான் 2013 மார்ச்சில் வண்டி ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை, மொத்தம் 11 மைல், ஓட முடிந்தது.

நிலையங்களை வெவ்வேறு காலத்தின் தோற்றத்தில் காத்து வருகிறார்கள். ஷெஃபீல்டு பார்க் விக்டோரியா காலத்தது, ஹார்ஸ்டெட் கீன்ஸ் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்டது, கிங்ஸ்கோட் 1950களைச் சேர்ந்தது. ஒருவழிப் பயணத்தில் இவற்றை ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும்.

ஆகவே ஒருவழியா, இருவழியா என்ற கேள்விக்கு என் விடை தெளிவானது. புளூபெல் போன்ற குறுகிய பாதையில் இருவழியே சரி. ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டுவதைப் பார்ப்பதே பாதிப் பயணத்துக்கு ஈடானது. யார்க்‌ஷையரில் பிக்கரிங்கிலிருந்து குரோஸ்மண்ட் வரை 18 மைல் செல்லும் நார்த் யார்க்‌ஷையர் மூர்ஸ் ரயில்பாதை போன்ற நீண்ட தடத்தில், பேருந்து மறுமுனைக்குச் சென்று காத்திருப்பது பொருத்தமே.

பதிவு செய்யுமுன் ஏற்பாட்டாளரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடும் வெயில் காலத்தில் தீப்பொறி பறந்து காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் அச்சத்தால் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சினைப் பூட்டுவதுண்டு. அது ரயில்பாதையின் தவறன்று, ஆனால் அதை முன்னதாகச் சொல்லாமல் இருப்பது ஏற்பாட்டாளரின் தவறு. பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது சட்டம். தொலைதூரப் பயணங்களின் நிரலில் அந்த ஓய்வு கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள், வராவிட்டால் குறையப் போவது உங்கள் ரயில் நேரம்தான். பழைய பெட்டிகளின் படி உயரமானது, கதவு குறுகலானது. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் தங்கள் தேவையைப் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் ஏற்பாட்டாளர் இதைத் தாமே கேட்டு, அத்தகையவர்களுக்குக் கதவருகில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

துணையின்றி நடமாட முடிந்தவர்களுக்கு ஒரு மாற்று வழியும் உண்டு. லண்டன் விக்டோரியாவிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்கு வழக்கமான ரயில் செல்கிறது. இறங்கிச் சில அடி நடந்தால் புளூபெல் நடைமேடை. இந்தப் பேருந்துப் பயணம் உண்மையில் உதவுவது வண்டி மாறி ஏற முடியாத முதியவர்களுக்கும், கூட்டமாகச் சேர்ந்து செல்ல விரும்புபவர்களுக்கும்தான். அவர்களுக்கு இரண்டாம் ஏற்பாட்டாளரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதல் பயணத்தில் வருந்திய அந்த முதியவரையும் இரண்டாம் முறை அழைத்துச் சென்றிருந்தேன்; திரும்பும் நேரமானபோது அவரைத் தேடி எஞ்சின் கொட்டகைக்குத்தான் போக வேண்டியிருந்தது.